பக்கத்து ஊர் வழக்கு, நம் ஊர்ப் பணம்

2010 ஜூன் 21 அன்று, லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய மேவுட் என்ற சிறு நகரத்தின் கவுன்சில், தன்னிடம் வேலை பார்த்த கிட்டத்தட்ட 100 பேரை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்ப முடிவெடுத்தது. அலுவலக எழுத்தர், பூங்கா ஊழியர், போலீஸ்காரர் என்று பாகுபாடே இல்லை. போலீஸ் துறையையே கலைத்துவிட்டு, காவல் வேலையை லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட ஷெரீப்பிடம் ஒப்படைத்தார்கள். அலுவலக நிர்வாகம் பக்கத்து நகரமான பெல் வசம் போனது. மூன்று சதுர கிலோமீட்டர் பரப்பு, சுமார் 27,000 மக்கள், பெரும்பாலும் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள். அந்த ஊருக்கு இனி மேயர் உண்டு, கவுன்சிலர்கள் உண்டு, வேலைக்காரர்கள்தான் கிடையாது.

செய்தியைப் படித்தவர்கள் ஊர் திவாலாகிவிட்டது என்றே நினைத்தார்கள். பட்ஜெட்டில் துண்டு விழுந்தது உண்மைதான். 2010-ல் கலிபோர்னியாவில் துண்டு விழாத நகரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மேவுட் முடங்கியதற்கு அதைவிட நேரடியான காரணம் இருந்தது. அந்த ஊருக்கு இன்சூரன்ஸ் போய்விட்டது.

இன்சூரன்ஸ் இல்லையென்றால் ஊழியர்களை ஏன் அனுப்ப வேண்டும்? கலிபோர்னியா சட்டப்படி, வேலையில் அடிபடும் தொழிலாளிக்கு ஈடுகொடுக்க ஏற்பாடு இல்லாத எவரும் ஒரு ஆளைக்கூட வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது. ஒன்று, காப்பீடு வேண்டும். இல்லையேல் சொந்தப் பணத்திலேயே தாங்குவேன் என்பதற்கு மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். இரண்டும் இல்லாமல் சம்பளப் பட்டியல் போட்டால் அது குற்றம். எதிர்பாராமல் வரும் வழக்குகளுக்கான பொறுப்புக் காப்பீடும் கூடவே போய்விட்டதால், ரோந்துக் கார் ஒன்று தெருமுனையில் யாரையாவது இடித்தால்கூட ஊரின் கஜானாவே காலி என்ற நிலை.

அந்தக் காப்பீட்டை ரத்து செய்தது யார் என்பதில்தான் கதையின் சாரம் இருக்கிறது. கலிபோர்னியா ஜாயின்ட் பவர்ஸ் இன்சூரன்ஸ் அத்தாரிட்டி என்ற அமைப்பு. பெயர் என்னவோ பெரிய கம்பெனி மாதிரி இருக்கும். ஆனால் பங்குதாரர் கிடையாது, லாபம் கிடையாது. மேவுடைப் போன்ற சிறு, நடுத்தர நகரங்கள் நூற்றுக்கு மேல் சேர்ந்து தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் பொது நிதி அது. அதன் நிர்வாகக் குழுவில் உட்காருபவர்களும் அந்தந்த ஊர்களின் பிரதிநிதிகள்தான். மேவுடை வெளியே தள்ளியவை மற்ற ஊர்கள்.

அவர்கள் எரிச்சலடையக் காரணம் இருந்தது. மேவுடின் போலீஸ் துறை, வேறு ஊர்களில் சிக்கலில் மாட்டி வேலையை விட்டவர்களுக்குப் புகலிடமாக இருந்தது. அங்கிருந்த போலீஸ்காரர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது முன்பு வேலை பார்த்த இடத்தில் பெயர் கெட்டவர்கள் அல்லது சட்டத்தோடு உரசியவர்கள் என்று 2007-ல் 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' எழுதியது. மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்த ஜெரி பிரவுன் விசாரணை நடத்தி, 2009-ல் கடுமையான அறிக்கை கொடுத்தார். அத்துமீறி அடித்தது, காரணமில்லாமல் பிடித்தது, புகார்களைக் கண்டுகொள்ளாதது எல்லாம் அதில் இருந்தன. வழக்குகள் குவிந்தன. கோடிக்கணக்கான டாலர் நஷ்டஈடு கேட்டு வந்த அந்த வழக்குகளின் சுமை, தன் போலீஸ்காரர்களை ஒழுங்காக வைத்திருந்த மற்ற ஊர்களின் தலையில் விடிந்தது. கூட்டமைப்பு நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தது, கெடு வைத்தது, நிரந்தரமான நகர நிர்வாகி ஒருவரைக்கூட அமர்த்த முடியாமல் மேவுட் தடுமாறியது. கெடு முடிந்தது, காப்பீடும் முடிந்தது.

அட்டர்னி ஜெனரலின் அறிக்கையாலும் பத்திரிகைச் செய்தியாலும் வழக்குகளாலும் தேர்தல்களாலும் கலையாத ஒரு போலீஸ் துறையை, இன்சூரன்ஸ் ரத்துக் கடிதம் ஒன்று கலைத்துவிட்டது. இதை நல்லதென்று கொண்டாடுவதா, இப்படியா ஒரு ஊர் திருந்த வேண்டும் என்று வருந்துவதா? பதில் சொல்வதற்கு முன், ஊர்கள் இப்படிச் சேர்ந்தது எப்படி என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் நகராட்சியின் மீது வழக்குப் போடுவதே கடினம். அரசன் தவறு செய்யமாட்டான் என்ற பழைய ஆங்கிலேயக் கோட்பாட்டின் நிழல் அது. 1961-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் மஸ்கோப் வழக்கில் அந்த நிழலை விலக்கியது. அரசு மருத்துவமனை ஒன்றில் விழுந்து அடிபட்ட நோயாளி தொடர்ந்த வழக்கு அது. 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மொனெல் வழக்கில், குடிமக்களின் அரசியல் சட்ட உரிமையை மீறினால் நகராட்சியும் பொறுப்பு என்றது. இரண்டு ஆண்டு கழித்து, 'நல்லெண்ணத்தில்தான் செய்தோம்' என்ற சாக்கும் நகராட்சிக்குச் செல்லாது என்றது. 1978-லேயே கலிபோர்னியா வாக்காளர்கள் 'பிராபசிஷன் 13' மூலம் சொத்து வரியைச் சொத்து மதிப்பில் ஒரு சதவீதமாகக் கட்டிப்போட்டார்கள். வரவுக்குப் பூட்டு, செலவுக்குத் திறந்த கதவு.

இதன் பொருளை முழுதாக உணர்ந்த ஊர் அரிசோனாவின் சவுத் டூசான். பரப்பு ஒரு சதுர மைல்தான். 1978-ல் அந்த ஊர் போலீஸ்காரர் ஒருவர் தவறுதலாகச் சுட்டதில், பக்கத்துப் பெரிய நகரத்தின் போலீஸ்காரர் ஒருவர் முடங்கிப்போனார். ஊர் கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பான தொகை சுமார் 36 லட்சம் டாலர். கொடுக்க வழியில்லாமல் 1983-ல் சவுத் டூசான் திவால் மனு கொடுத்தது. ஒரு தோட்டா, ஒரு ஊர்.

இன்சூரன்ஸ் கம்பெனிகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. 1980-களின் முதல் பாதியில் வட்டி அதிகம் இருந்தபோது, பிரீமியத்தை வாங்கி முதலீடு செய்து சம்பாதிக்கும் ஆசையில் மலிவாகவே பாலிசி விற்றன. வட்டி இறங்கியது, க்ளெய்ம்கள் ஏறின. 1985, 86-ல் பிரீமியம் பல மடங்கு உயர்ந்தது. பல ஊர்களுக்கு எந்த விலைக்கும் பாலிசி கிடைக்கவில்லை. பூங்காக்களில் ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் பிடுங்கி எறிந்தார்கள். நீச்சல் குளங்களை மூடினார்கள். 1986 மார்ச்சில் 'டைம்' இதழ் இதையே அட்டைப்படக் கட்டுரையாக்கி, அமெரிக்காவே உன் இன்சூரன்ஸ் ரத்து என்று தலைப்பிட்டது.

கடையில் சரக்கு கிடைக்காதபோது ஊர்க்காரர்கள் சேர்ந்து தாங்களே கடை போட்டார்கள். விதை அதற்கு முன்பே விழுந்திருந்தது. டெக்சஸ் நகரங்கள் 1974-லேயே தொழிலாளர் இழப்பீட்டுக்காகப் பொது நிதி தொடங்கியிருந்தன. 1981-ல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒன்பது நகரங்கள் கைகோத்தன. 86-க்குப் பிறகு இது வெள்ளமானது. இன்று அமெரிக்காவில் இப்படிச் சுமார் 500 கூட்டமைப்புகள். அவர்கள் 'ரிஸ்க் பூல்' என்று சொல்வார்கள். உள்ளாட்சி அமைப்புகளில் மிகப் பெரும்பாலானவை ஏதாவது ஒரு பூலில் இருக்கின்றன. நகரங்கள், பள்ளி மாவட்டங்கள், தண்ணீர் வாரியங்கள், தீயணைப்பு மாவட்டங்கள் எல்லாம் இதில் அடக்கம்.

நம் ஊரில் சீட்டு போட்டுப் பழகியவர்களுக்கு இதன் உள்விஷயம் சட்டென்று பிடிபடும். சீட்டில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் பணம் போடுவோம். ஆனால் சீட்டில் எல்லாரும் ஒரு முறை எடுப்பார்கள். இங்கே எடுக்காமலே இருப்பவன்தான் நல்ல உறுப்பினன்.

நடைமுறை இப்படி. ஒவ்வொரு நகரமும் ஆண்டுதோறும் ஒரு தொகை கட்டும். ஊழியர் சம்பளத் தொகை எவ்வளவு, போலீஸ்காரர் எத்தனை பேர், கடந்த சில ஆண்டுகளில் க்ளெய்ம் எவ்வளவு வந்தது என்று கணக்கியல் நிபுணர் போட்டுக் கொடுக்கும் கணக்கு அது. ஒரு வழக்கு வந்தால் முதல் சில பத்தாயிரம் அல்லது சில லட்சம் டாலர் அந்த ஊரின் சொந்தக் கையிலிருந்து. அதற்கு மேல் ஒரு வரம்பு வரை பொது நிதி. அதற்கும் மேலே போனால் மறுகாப்பீடு. அதற்காகப் பூல்களே சேர்ந்து பூல் போட்டன. மாநில நகராட்சி சங்கங்களின் பூல்களுக்கு மறுகாப்பீடு தருவதற்காகத் தேசிய நகரங்கள் சங்கம் 1986-ல் ஒரு பரஸ்பர நிறுவனத்தையே தொடங்கியது. நல்ல ஆண்டென்றால் மிச்சம் திரும்பி வரும். மோசமான ஆண்டென்றால் கூடுதலாகக் கட்டு என்று கடிதம் வரும். கட்டித்தான் ஆக வேண்டும், ஒப்பந்தம் அப்படி.

பணம் பொதுவான பிறகு, அடுத்தவன் வீட்டுத் திண்ணையை எட்டிப் பார்க்கும் உரிமையும் வந்துவிடுகிறது. நடைபாதையை எடுத்துக்கொள்ளுங்கள். மர வேர் தூக்கிவிட்ட சிமெண்ட் பலகையில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களின் க்ளெய்ம்கள் எந்தப் பூலிலும் நித்தியப்படி வருபவை. கலிபோர்னியாவில் இத்தகைய வழக்கு பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் நிற்கும். மேடு எவ்வளவு உயரம்? அது ஊருக்குத் தெரியுமா, அல்லது தெரிந்திருக்க வேண்டுமா? ஓர் அங்குலத்துக்குக் கீழே என்றால் நீதிமன்றம் பெரும்பாலும் அற்பக் குறை என்று தள்ளிவிடும். ஆகவே பூலிலிருந்து ஆள் வருவார். நடைபாதைகளை எப்போது பார்வையிட்டீர்கள், பதிவேடு எங்கே, எந்த மேட்டைச் சீவினீர்கள் என்று கேட்பார். கேட்கிறவர் அரசு அதிகாரி அல்ல, ஆனால் அடுத்த ஆண்டுத் தொகையை ஏற்றும் அதிகாரம் அவர் பக்கம் இருக்கிறது.

சாக்கடைக் கதையும் இதே. ஓரோவில் என்ற ஊரில் பாதாளச் சாக்கடை எதுக்களித்து ஒரு பல் மருத்துவமனைக்குள் கழிவு நீர் புகுந்தது. அங்கே எதிர்த்தடுப்பு வால்வு பொருத்தியிருக்க வேண்டுமென்பது ஊரின் விதி, மருத்துவர்கள் பொருத்தவில்லை. வழக்கு கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போய், 2019-ல் ஊருக்குச் சாதகமாக முடிந்தது. இப்படி ஒரு விதியை உன் ஊரிலும் போட்டுவை, அமல்படுத்தியதற்குச் சான்று வை என்று மற்ற ஊர்களுக்குச் சொல்வதுதான் பூல்களின் அன்றாட வேலை. சலிப்பான வேலைதான். ஆனால் தேர்தல் மேடையில் எவரும் பேசாத இந்த வால்வுகளும் பதிவேடுகளும் காப்பாற்றிய பணம் கொஞ்சமல்ல.

போலீஸ் விஷயத்துக்கு வந்தால் எட்டிப் பார்ப்பது எச்சரிக்கையாக மாறுகிறது. மிசௌரி மாநிலத்தில் செயின்ட் ஆன் என்று சுமார் 13,000 பேர் வாழும் ஊர். அந்த ஊர்ப் போலீஸ், சின்னத் தவறுக்கும் காரை விரட்டிப் பிடிப்பதில் பேர்போனது. துரத்தல் விபத்துகளில் சம்பந்தமில்லாத ஆட்கள் ஊனமானார்கள். விமர்சனத்துக்கு மசியாத ஊர், அது சேர்ந்திருந்த செயின்ட் லூயிஸ் பகுதி இன்சூரன்ஸ் டிரஸ்ட் காப்பீட்டை நிறுத்திவிடுவோம் என்றதும் மசிந்தது. வன்முறைக் குற்றவாளிகளை மட்டும் துரத்துவது என்று விதி மாறியது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் ஜான் ராப்பபோர்ட் 2017-ல் 'ஹார்வர்டு லா ரிவியூ'வில் எழுதிய நீண்ட ஆய்வு இந்தப் போக்கை விரிவாகக் காட்டியது: பயிற்சி, ஆயுதப் பயன்பாட்டு விதி, பிரச்சினைக்குரிய ஆளை விலக்குவது என்று காப்பீடு தருபவர்களின் கை போலீஸ் நிலையத்துக்குள் வெகுதூரம் நீள்கிறது.

இதில் ஒரு விசித்திரம். இந்தக் கை எட்டுவது சின்ன ஊர்களுக்கு மட்டும்தான். நியூயார்க்கும் மினியாபொலிஸும் எந்தப் பூலிலும் அண்டி நிற்பதில்லை. வரிப் பணத்திலிருந்தே நஷ்டஈட்டைக் கொடுத்துவிடும் வலு அவற்றுக்கு உண்டு. ஜார்ஜ் ஃபிளாய்டின் குடும்பத்துக்கு 2021 மார்ச்சில் மினியாபொலிஸ் கொடுக்க ஒப்புக்கொண்டது 2 கோடியே 70 லட்சம் டாலர். மேவுடாக இருந்திருந்தால் அதில் கால்வாசி வருவதற்கு முன்பே பக்கத்து ஊர்க்காரர்கள் கதவைத் தட்டியிருப்பார்கள். பெரிய நகரத்தின் கதவைத் தட்ட யாரும் இல்லை.

ஆனாலும் பூலை நீதிபதியாக உட்காரவைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அது பார்ப்பது செலவை மட்டும். செலவு வைக்காத அநியாயம் அதன் கண்ணில் படாது. வழக்குப் போடத் தெரியாத, போட அஞ்சுகிற, குடியுரிமைத் தாள் இல்லாத மனிதர் அடிபட்டால் க்ளெய்ம் வராது; க்ளெய்ம் வராவிட்டால் பூலின் ஏட்டில் அந்த ஊர் உத்தமமான ஊர்.

இந்தக் குருட்டுத்தனத்துக்கு மேவுட் கதையிலேயே சாட்சி இருக்கிறது. தன் நிர்வாகத்தை மேவுட் ஒப்படைத்த பெல் நகரத்தைப் பற்றிச் சில வாரங்களிலேயே, 2010 ஜூலையில், 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' ஒரு செய்தி வெளியிட்டது. அந்த ஏழை ஊரின் நகர நிர்வாகி ராபர்ட் ரிஸ்ஸோவின் சம்பளம் ஆண்டுக்கு 7,87,637 டாலர். அமெரிக்க ஜனாதிபதியின் சம்பளமே 4 லட்சம்தான். போலீஸ் தலைவருக்கு 4,57,000. பகுதிநேரக் கவுன்சிலர்கள் சிலருக்கு ஒரு லட்சத்துக்கு நெருக்கமாக. துணை நிர்வாகி ஏஞ்சலா ஸ்பாச்சியாவுக்கு 3,76,288. மேவுடின் இடைக்கால நிர்வாகியாக அனுப்பப்பட்டிருந்தவரும் அவரேதான்! ரிஸ்ஸோவுக்கு 2014-ல் 12 ஆண்டுச் சிறை. ஸ்பாச்சியாவுக்கு 11 ஆண்டு 8 மாதம். பத்திரிகைக்கு 2011-ல் புலிட்சர் பரிசு. கொள்ளை நடந்த ஆண்டுகள் முழுக்க, காப்பீட்டுக் கணக்கில் அதற்கொரு பத்தி கிடையாது. சம்பளம் விபத்தல்லவே.

கூட்டு நிதிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நெருக்கடியில் கைகொடுக்குமென்று நம்பிய உறுப்பினர், அந்த நேரத்தில் ஒப்பந்தத்தின் சிறு எழுத்தைப் படிக்க நேரும். சான்பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே ஹாஃப் மூன் பே என்ற கடலோர ஊர். 1980-களில் ஊர் செய்த மழைநீர் வடிகால் வேலையால் ஒரு மனை சதுப்பு நிலமாகிவிட்டது. சதுப்பு நிலம் என்பதாலேயே அதில் வீடு கட்ட அனுமதியும் மறுக்கப்பட்டது. மனைக்காரர் வழக்குப் போட்டார். 2007-ல் தீர்ப்பு: 3 கோடியே 68 லட்சம் டாலர். ஊரின் மொத்த ஆண்டு பட்ஜெட்டைப் போலப் பல மடங்கு. மறு ஆண்டு 1 கோடியே 80 லட்சத்துக்குச் சமரசமானது. இதில் எவ்வளவு பொது நிதியிலிருந்து வரும் என்பதில் ஊருக்கும் அதன் பூலுக்குமே சட்டப் போராட்டம் மூண்டது. நிலத்தைப் பறித்ததற்கான ஈடு என்பது பொதுவாகப் பூல்கள் ஏற்காத ரகம். ஒரு ஊர் வேண்டுமென்றே எடுத்த முடிவுக்கு மற்ற ஊர்கள் ஏன் கட்ட வேண்டும் என்பது அவர்கள் தரப்பு. ஹாஃப் மூன் பே கடன் பத்திரம் போட்டுத் தலை தப்பியது. 2011-ல் தன் போலீஸை மாவட்ட ஷெரீப்பிடம் கொடுத்துவிட்டது.

தமிழ்நாட்டு உள்ளாட்சிகள் காப்பீட்டுக்காக இப்படிச் சேர்ந்ததில்லை. கடனுக்காகச் சேர்ந்திருக்கின்றன. 2002-ல் 13 சிறு உள்ளாட்சிகளின் குடிநீர், சுகாதாரப் பணிகளுக்காக, ஒரு கூட்டு நிதியத்தின் பேரில் 30.41 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிடப்பட்டது. தனித்தனியே போயிருந்தால் அவற்றில் பலவற்றை முதலீட்டாளர்கள் ஏறெடுத்தும் பார்த்திருக்கமாட்டார்கள். ஒரு ஊர் தவணை தவறினால் மற்றவற்றைக் காக்க இருப்பு நிதி, அதற்குப் பின்னால் அசலில் பாதிக்கு அமெரிக்க உதவி நிறுவனத்தின் உத்தரவாதம். இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதல் முயற்சி. திறந்த பாதாளச் சாக்கடையில் விழுந்து செத்தவர்களுக்கு உயர் நீதிமன்றம் சொல்லும் இழப்பீட்டை இன்றும் அந்தந்த உள்ளாட்சியோ மாநில அரசோதான் கொடுக்கிறது. மூடியைப் போடாத ஊரைப் பார்த்து முகம் சுளிக்கப் பக்கத்து ஊருக்குக் காரணம் எதுவும் இல்லை.

காரணம் இருந்தாலும் காலம் ஏமாற்றக்கூடும். பிரிட்டனில் 1903-லேயே உள்ளாட்சிகள் சேர்ந்து மியூனிசிபல் மியூச்சுவல் இன்சூரன்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கின. ஒரு கட்டத்தில் நாட்டின் பத்தில் ஒன்பது கவுன்சில்கள் அதில்தான் இருந்தன. 1992-ல் நஷ்டம் தாளாமல் அது புதுப் பாலிசி எடுப்பதை நிறுத்தியது. வியாபாரம் ஜூரிச் நிறுவனத்துக்குப் போனது. 1994-ல் பழைய பாக்கிகளைத் தீர்க்க ஓர் ஏற்பாடு செய்தார்கள். பணம் போதாவிட்டால், வாங்கிய ஈட்டில் ஒரு பகுதியைக் கவுன்சில்கள் திருப்பித் தர வேண்டும் என்பது அதில் ஒரு விதி. ஆண்டுகள் ஓடின. பள்ளிக் கட்டடங்களிலும் கொதிகலன் அறைகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு நாற்பது ஆண்டு கழித்து நுரையீரல் உறையில் புற்றுநோய் வந்தது. கவுன்சில் விடுதிகளில் சிறுவயதில் சீரழிக்கப்பட்டவர்கள் நடுவயதில் வாய் திறந்தார்கள். நோய் வெளிப்பட்ட ஆண்டு அல்ல, தூசியைச் சுவாசித்த ஆண்டில் இருந்த பாலிசிதான் பொறுப்பு என்று 2012 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஆண்டு நவம்பரில் அந்த விதி உயிர்பெற்றது. முதலில் 15 சதவீதம், 2016-ல் 25 சதவீதம் என்று கவுன்சில்களுக்குக் கேட்பு வந்தது. பாலிசியில் கையெழுத்துப் போட்ட அதிகாரிகள் பெரும்பாலும் ஓய்வு பெற்றுவிட்டார்கள்; அந்த கவுன்சில்களில் சில நிர்வாக மறுசீரமைப்பில் கலைக்கப்பட்டு, கேட்பு அவற்றின் வாரிசுகளின் முகவரிக்குப் போனது.